கோணமாமலையும் அதன் கடற்கரையும்

தோற்றுவாய்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கமைந்த இடங்களைச் சைவ நன்மக்கள் சிறப்பாகப் போற்றுவர். மூர்த்தியாவது, அன்பர் வழிபட்டுய்தற் பொருட்டு இறைவன் கொண்டருளிய திருவுரு. தலமாவது, அத்திருவுரு எழுந்தருளிய இடம். தீர்த்தமாவது, அவ்விடத்தைச் சார்ந்த புனித நீர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனெனவே கண்டு தொழுதல் வேண்டுமென்று அறிவுறுத்துகின்றது. அங்ஙனமாயின், ஒரு தலத்திலே திருக்கோயில் முற்றும் இடிக்கப்பட்டு, மூர்த்திகள் மறைந்து, அடுக்கிய கற்களும் பிறர் மதிலுக்குச் சென்றுவிடின், அத்தலத்தின் நிலை யாது? ஆங்குத் தொழச் செல்வோன் எதனைத் தொழுவான்?

இவ்வினா ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. ஏறக்குறைய முந்நூற்று நாற்பது ஆண்டுகள் ஒரு கடற்கரையின் மக்கள் தம் வாழ்க்கையினாலேயே விடையிறுத்த வினாவாகும். அக்கரை, இலங்கையின் கீழ்பால் அமைந்த திருக்கோணமலைக் கரை. அதன் இயற்கை வனப்பையும், பழமையையும், அது பட்ட இன்னல்களையும் முறையே நோக்குவார்க்கு அவ்விடை தானே புலனாகும்.

கரையின் அமைப்பு

இலங்கையின் கீழ்கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரையாகும். களப்புகளும், தென்னஞ்சோலைகளும், சிற்றாறுகளின் கழிமுகங்களும் மாறி மாறி வரும். அம்மணற்கரை வழியே வருவோர் திருக்கோணமலையை அணுகும்பொழுது நிலம் தன் இயல்பை மாற்றிக்கொள்ளுதலைக் காண்பர். சிறு குன்றுகள் கடலை நோக்கி வந்து அலையிடையே இறங்குகின்றன; குடாக்கள் நிலத்தினுள்ளே புகுந்து வளைகின்றன; கரும்பாறைகள் நுரையினிடையே தலைகாட்டுகின்றன. இப்பாறைகள் பூமியின் அகத்தே எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய மிகப் பழைய கல்லினத்தைச் சேர்ந்தவை. மணலை அரித்துச் செல்லும் அலை இக்கல்லை அசைக்கமாட்டாது மீளுதலின், இங்கே கரை ஓங்கி நிற்கின்றது.

நகரத்தின் கீழ்பால் ஒரு நிலமுனை குறுகிய கழுத்தினையுடையதாய்க் கடலினுள் நீண்டு செல்கின்றது. அதன் வடபால் ஒரு குடாவும், தென்பால் ஒல்லாந்தர் குடா என வழங்கும் மற்றொரு குடாவும் உள்ளன. முனையின் முடிவிலே நிலம் மேலெழுந்து, கடலின்மேற் செங்குத்தாய் முந்நூறடிக்கு மேல் ஓங்கிய பாறையாய் நிற்கின்றது. இதுவே கோணமாமலை. சுவாமிமலை எனவும் மக்கள் வழங்குவர். உச்சியில் நின்று கீழே நோக்குவார்க்குக் கால் கூசும். அடியிலே கடல் நீலமாயும், பாறையைச் சார்ந்த இடத்துப் பச்சையாயும், மோதும் இடத்து வெண்ணுரையாயும் தோன்றும். பாறையின் ஒரு பக்கத்தே மேலிருந்து கீழ்வரை பிளந்தாற்போன்ற ஆழ்ந்த வெடிப்பு ஒன்றுண்டு. அதனை ‘இராவணன் வெட்டு’ என்பர். இலங்கை வேந்தன் தன் தாய் வழிபடும் பொருட்டு இம்மலையைப் பெயர்த்துச் செல்ல வாளால் வெட்டினான் என்பது வழிவழி வந்த கதை.

நகரத்தின் மேல்பால் குன்றுகளால் நாற்புறமும் காக்கப்பட்ட உட்டுறைமுகம் அமைந்துள்ளது. ஆழமும் அகலமும் உடையதாய், புயற்காலத்தும் கலங்கள் அமைதியுற்றுத் தங்குதற்கேற்றதாய் உள்ள இவ்வியற்கைத் துறைமுகம் உலகத்துச் சிறந்த துறைமுகங்களுள் ஒன்றென்று கடலோடிகள் அனைவரும் ஒப்புவர். அதற்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடா பரந்து கிடக்கின்றது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை 335 கிலோமீட்டர் ஓடி அக்குடாவிலே கடலோடு கலக்கின்றது. குடாவிற்கு வெளியே கடலடி மிகச் சேய்மை செல்லாமலே பெரும் பள்ளமாகி, மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்குகின்றது. இத்துணை ஆழம் கரைக்கு அணித்தாய் இருத்தலாலேயே உயிரினங்களுள் மிகப் பெரியதாகிய நீலத் திமிங்கிலமும் பருவகாலத்தில் இக்கரையின் அருகே வந்து நீர் உயிர்த்துச் செல்லும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தவுடன் கடல் கொந்தளிக்கும். பங்குனி சித்திரையில் அதே கடல் கண்ணாடிபோல் அடங்கிக் கிடக்கும். ஒரே நீர் உருத்தும் அருளியும் இருவகையாய்த் தோன்றும் இக்காட்சி, காண்போர் உள்ளத்தைத் தானே இறைநினைவிற் செலுத்தும் இயல்பினது.

வடகரையிலிருந்து மலை வரையில்

மலையை அடையுமுன் அதன் வடபாற் கரையை நோக்குதல் தகும். திரியாய் என்னும் ஊரிலே ஒரு குன்றின்மேற் பழைய பௌத்த தூபி ஒன்று கல்தூண்கள் வட்டமாய்ச் சூழ நிற்கின்றது. அங்குள்ள பாறையிற் பல்லவ கிரந்த எழுத்தால் அமைந்த வடமொழிச் சாசனம் ஒன்றுண்டு. அது கி. பி. 7 அல்லது 8 ஆம் நூற்றாண்டினதென்பது ஆராய்ச்சியாளர் துணிபு. கடலோடுதலில் வல்ல வணிகர் குழுவினரை அது குறிக்கின்றது. பல்லவர் எழுத்து இக்கரையிலே பாறையிற் பொறிக்கப்பட்டுள்ளமையால், தென்னாட்டுக் கடற்றுறைகளுக்கும் இக்கரைக்கும் அக்காலத்து இருந்த தொடர்பு இனிது விளங்கும்.

அங்கிருந்து தெற்கு நோக்கி வருவோர் நிலாவெளியை அடைவர். வெண்மணல் நெடுந்தொலை பரந்த கரையாதலின் இப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையதென்பதை நிலவுக்காலத்தில் அங்குச் சென்றார் அறிவர். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரளவில் புறாத்தீவு என்னும் சிறு பாறைத்தீவு உள்ளது. மாடப்புறாக்கள் பாறையிடுக்குகளிற் கூடுகட்டி வாழ்தலால் அஃது அப்பெயர் பெற்றது. சுற்றிலும் பவளப்பாறைகள் செறிந்த அத்தீவு 2003 ஆம் ஆண்டில் தேசிய வனமாகக் காக்கப்படும் நிலையை எய்திற்று.

நிலாவெளியிற் கிடைத்த கல்வெட்டு ஒன்று சைவ மக்கள் மறவாதிருத்தற்குரியது. கோணபருவதத்து மச்சகேச்சுரம் என்னும் கோயிலின் மகாதேவருக்கு நிவந்தமாக இருநூற்றைம்பது வேலி நிலம் விடப்பட்டதனை அது தெரிவிக்கின்றது. எழுத்தமைதியால் அது சோழர் காலத்தையொட்டியதென்று கொள்வர். மானாங்கேணியிற் கிடைத்த மற்றொரு சாசனத்திலும், சோழ இலங்கேசுவரன் என்னும் பட்டம் பூண்டு ஆண்டவன் பெயரோடு மச்சகேச்சுரம் என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆகவே, கோணமலைத் திருக்கோயிலுக்கு அக்காலத்து மச்சகேச்சுரம் என்னும் திருநாமம் வழங்கியதென்பதும், அதற்குப் பரந்த நிலவுடைமை இருந்ததென்பதும் கல்லெழுத்தாலேயே உறுதிப்படுகின்றன.

நகரத்திற்கு வடமேற்கே ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிற் கன்னியா வெந்நீரூற்றுக்கள் உள்ளன. அருகருகே அமைந்த ஏழு கிணறுகளில் நீரின் வெம்மை ஒன்றற்கொன்று வேறுபடும். இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்தற்பொருட்டுத் தோன்றியவை இவை என்பது மரபு. இம்மரபு பற்றியே சுற்றுப்புற மக்கள் இறந்த தம் முதியோர்க்கு ஆண்டு அந்தியேட்டிக் கடன் செய்து வருகின்றனர். கதையை வரலாறென்று கொள்ளினும் கொள்ளாதொழியினும், தாயை நினைத்து நீர் இறைக்கும் மகனுடைய அன்பு மெய்யேயாம்.

மலையின் பழமை

இனி, மலைக்கோயிலின் பழமையை நோக்குவோம் எனிற் சான்றுகள் பலவாம். மகாவமிசம் என்னும் பாளி நூல், கி. பி. 3, 4 ஆம் நூற்றாண்டுகளையொட்டி ஆண்ட மகாசேனன், தேவர் கோயில்களை அழித்து விகாரங்கள் எடுப்பித்த இடங்களுள் கோகர்ணத்தையும் ஒன்றாகக் கூறுகின்றது. அந்நூலுரை அவற்றைச் சிவலிங்கக் கோயில்கள் எனக் கொள்கின்றது. கோகர்ணம் என்பது திருக்கோணமலையே என்பர் அறிஞர். இதனால் இரண்டு செய்திகள் பெறப்படும். பறங்கியர் காலத்து நேர்ந்த அழிவு இத்தலத்திற்கு முதலழிவன்று என்பது ஒன்று. அழிந்த பின்னரும் ஈண்டு வழிபாடு மீண்டும் தழைத்தது என்பது மற்றொன்று.

கி. பி. 7 ஆம் நூற்றாண்டிற் சம்பந்தர் பெருமான் அருளிய கோணமாமலைப் பதிகம் மூன்றாந் திருமுறையிற் காணப்படும். ஆரவாரிக்கும் கடல் சந்தனமும் அகிலும் மணியும் வாரிவந்து முத்தினைக் கரையிற் கொழிக்கும் எனவும், குடிமக்கள் நெருங்கி வாழும் வளமுடையது எனவும் அப்பதிகம் இத்தலத்தைச் சிறப்பிக்கின்றது. பெருமான் கடல் கடந்து இலங்கை சென்றாரல்லர்; இராமேச்சுரத்தில் எழுந்தருளியிருந்தபொழுது கோணமலையையும் கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்பது சேக்கிழார் திருவாக்கால் அறியப்படும். இச்செய்தி பின்னர் எடுத்துக்கொள்ளப்படும் ஆதலின் ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது.

13 ஆம் நூற்றாண்டிற் சடாவர்மன் வீரபாண்டியன் இலங்கைமேற் படையெடுத்து வென்று, கோணமலையிற் பாண்டியரது இணைக்கயல் இலச்சினையைப் பொறித்தான் என்று குடுமியான்மலைச் சாசனம் கூறும். கோட்டையினுள் அகப்பட்ட வடமொழிக் கிரந்தச் சாசனத் துண்டொன்று, சகவருடம் 1145, அஃதாவது கி. பி. 1223 இல், சோடகங்கன் என்பான் ஈண்டு வந்தமையைக் குறிக்கின்றது. அருணகிரிநாதரும் இத்தலத்து முருகப்பெருமானைத் திருப்புகழாற் பாடியுள்ளார். தட்சிண கைலாச புராணம், கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் இதனைத் தென்கயிலை எனப் போற்றி, குளக்கோட்டன் என்னும் சோழ மரபினன் செய்த திருப்பணிகளையும் கோயிற்றொழும்பாளர்க்கு வகுத்த முறைகளையும் விரித்துரைக்கின்றன. புராணம் கூறுவதைப் புராணமாகவும், கல்வெட்டுக் கூறுவதை வரலாறாகவும் வைத்துப் பயில்வார்க்கு இரண்டும் பயன் தருவனவாம்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்னாவோ தெ குவெய்ரோஸ் என்னும் பறங்கிப் பாதிரியார் எழுதிய இலங்கை வரலாற்று நூல், இம்மலையின் கோயில்களைக் குறிக்குமிடத்து, கீழ்நாட்டுச் சமயத்தார்க்கு இஃது உரோமாபுரி போன்றதென்னும் கருத்துப்பட உரைக்கின்றது. முனையின் தொடக்கத்தில் ஒன்றும், ஏறும் வழியின் இடையில் ஒன்றும், உச்சியில் ஒன்றுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்பதும் அக்காலத்துக் குறிப்புக்களால் அறியப்படும். அழித்தவர் பக்கத்தினின்றும் வந்த சான்றாதலின் இதனை மிகைகூறலெனத் தள்ளுதல் இயலாது.

சிறப்பே பகையானமை

கலங்களிற் செல்வோர்க்கு நெடுந்தொலைவிலேயே தோன்றுதலும், மூன்று பக்கமும் கடலால் சூழப்படுதலும், நிலத்தோடு இணைக்கும் கழுத்துக் குறுகியதாதலும், உச்சி செங்குத்தாய் ஓங்கியிருத்தலும் ஆகிய இவையனைத்தும் இம்மலையைத் தலமாக்கிய சிறப்புக்கள். ஆயின் அவையே ஒரு கோட்டைக்கு வேண்டிய இலக்கணங்களுமாம். துறைமுகத்தின் மேன்மையோ கடல்வழி வாணிகம் நாடி வந்த ஐரோப்பியர் அனைவரையும் ஈண்டு ஈர்த்தது. ஆதலின் மலையின் சிறப்பே மலைக்குப் பகையாயிற்று.

1505 ஆம் ஆண்டில் இலங்கையிற் கால்வைத்த பறங்கியர் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1620 ஆம் ஆண்டில் ஓவே கெத்தே என்பவன் தலைமையில் டேனியர் கலங்கள் திருக்கோணமலைக்கு வந்து ஈண்டுக் கோட்டை கட்ட முயன்றன. அம்முயற்சி நிலைபெறவில்லை. எனினும் மற்றொருவர் இத்துறையைப் பற்றிக்கொள்வர் என்னும் அச்சம் பறங்கியர்க்குப் பிறந்தது. அவர்தம் தளபதி கொன்ஸ்தந்தீனோ தெ சா என்பவன் 1622 க்கும் 1624 க்கும் இடைப்பட்ட காலத்தில் மலைக்கோயில்களை இடித்து, அக்கற்களைக்கொண்டே முனையின் கழுத்திற் கோட்டை எழுப்பினான். எஞ்சிய கற்களும் தூண்களும் பாறையிலிருந்து கடலில் வீழ்த்தப்பட்டன. அத்தளபதி 1630 ஆம் ஆண்டில் ஊவா நாட்டிற் கண்டிப் படையோடு பொருது மடிந்தான்.

அவன் எழுப்பிய கோட்டையும் அவன் நாட்டவர்க்கு நெடுநாள் நிற்கவில்லை. 1639 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1660 ஆம் ஆண்டில், புயலால் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கலம் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாற்றுக் குடாவில் ஒதுங்கிற்று. அதிலிருந்த இராபர்ட் நாக்ஸ் என்னும் இளைஞன் கண்டி அரசன் இராசசிங்கனுடைய ஏவலரால் பிடிக்கப்பட்டு, 1679 ஆம் ஆண்டிலே தப்பியோடும் வரையில் மலைநாட்டிற் சிறையிருந்தான். அவன் 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்கால இலங்கை வாழ்க்கையை அறிதற்குக் கருவியாயுள்ளது. 1672 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் வந்து சின்னாள் தங்கினர். 1782 ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடிக்க, அவ்வாண்டு ஆகத்து முடிவிலேயே பிரெஞ்சுத் தளபதி சப்ரான் அதனை அவரிடமிருந்து கவர்ந்தான். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்ற கோட்டை 1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. 1803 ஆம் ஆண்டில் அதற்குப் பிரெடரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. 1957 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை இத்துறையை இலங்கை அரசிடம் ஒப்புவித்தது.

பறங்கியர் முதல் ஆங்கிலேயர் ஈறாக இத்துறையை விரும்பி வந்தோர் ஒவ்வொருவரும் ‘இது நமதே’ என்று கருதினர். ஒருவர் பின் ஒருவராய் அனைவரும் அகன்றனர். மலை அகன்றிலது.

கோயிலில்லாத காலத்து வழிபாடு

இடிபாடு நிகழ்ந்த காலத்தே அன்பர்கள் செய்தது யாது என்பதே ஈண்டு முதன்மையாக உணரற்பாலது. மூர்த்திகள் சிலவற்றை அவர்கள் மண்ணுட் புதைத்துக் காத்தனர். வேறு சிலவற்றை மறைவாக எடுத்துச் சென்றனர் என்பதும், கோணமலைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய பதினைந்து மைல் தொலைவிலுள்ள தம்பலகாமத்திற் பின்னர் எழுந்த ஆதிகோணநாயகர் கோயில் அங்ஙனம் காக்கப்பட்ட வழிபாட்டின் தொடர்ச்சியே என்பதும் அவ்வூர் மரபு. வயல் சூழ்ந்த அம்மருதநிலத்துக் கோயில், கடல் சூழ்ந்த மலைக்கோயிலின் நினைவைப் பல தலைமுறை தாங்கி நின்றது.

மலையிலோ கோயிலில்லை. ஆயினும் தொழுவோர் வருகை ஒழியவில்லை. கோட்டைக்குள்ளே படைவீரர் உறையும் இடத்தைக் கடந்து பாறையின் உச்சிக்குச் செல்லுதல் வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட குறிப்புக்களால் அவ்வழிபாட்டின் முறை அறியப்படுகின்றது. அந்திப்பொழுதில் அந்தணர் ஒருவர் பாறையின் விளிம்பிலே, கடலை நோக்கிய படியில் இறங்கி நிற்பார். பின்னே அன்பர்கள் பாறைகளின்மீது அமர்ந்திருப்பர். மலரும் கனியும் பிற படையல்களும் கீழேயுள்ள கடலிற் சொரியப்படும். கர்ப்பூரத் தட்டு தலைக்குமேல் உயர்த்தப்படும். ஒளி அணையுமுன் அனைவரும் கைகூப்பி வணங்கி மீள்வர். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை ஆட்சிச் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ட் என்பவர் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் இம்மலை வழிபாட்டைக் குறித்துள்ளார். கருவறையில்லை, விமானமில்லை, கொடிமரமில்லை. பாறையே பீடமாய், வானமே விமானமாய், கடலே தீர்த்தமும் கருவறையுமாய் நின்றன. கோயிலின் கற்கள் எங்கே வீழ்ந்தனவோ அவ்விடத்திற்கே மலர் சென்றது.

அவ்வன்பர்கள் நாடோறும் கடந்து சென்ற கோட்டை வாயிலின் நிலையிலே இணைக்கயல் பொறித்த கல்லும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உள்ளன. அக்கல்வெட்டினைப் பறங்கியர் வரவைக் குறிக்கும் தீர்க்கதரிசனமாக மக்கள் போற்றுவர். கோயிற்கல்லே கோட்டை வாயிலாய் நிற்க, அவ்வாயிலின் வழியே கோயிலில்லாத மலைக்குத் தொழச் சென்றனர் அவர்கள். பாறையுச்சியிலே 1687 ஆம் ஆண்டினைக் காட்டும் ஒல்லாந்த எழுத்துப் பொறித்த கல்தூண் ஒன்றும் நிற்கின்றது. பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்த மங்கையின் பெயரைத் தாங்கிய அத்தூணும் பழைய கோயிற்றூணே என்பர். ஒரு சமயத்தார் நட்ட கல்லில் மற்றொரு நாட்டார் தம் துயரையோ நினைவையோ எழுதி வைத்தனர். கல் இருவரையும் தாங்கிற்று.

மூர்த்திகளின் மீட்சி

1950 ஆம் ஆண்டிலே நகரசபையார் நீருக்காகக் கிணறு தோண்டுவித்தபொழுது, மலையிலிருந்து சிறிது தொலைவில், மண்ணின் கீழ்ச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதியம்மையார் முதலிய அத்திருவுருவங்கள் சோழர்காலக் கலைத்திறம் வாய்ந்தவை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுட் கிடந்தும் பெரிதும் பழுதின்றி மீண்ட அவற்றைக் கண்ட மக்கள் எய்திய மகிழ்ச்சி கூறுந்தரத்ததன்று. தேடிச் சென்றார்க்கு அகப்படாதது நீர் வேண்டி நிலத்தை அகழ்ந்தார்க்கு அகப்பட்டது. புதைத்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. ‘ஒருநாள் எம் வழித்தோன்றல்கள் காண்பர்’ என்னும் உறுதி ஒன்றே அவர்கள் விட்டுச்சென்ற சாசனம்.

1956 ஆம் ஆண்டில், ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியிற் கடலுள் மூழ்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் நீரடியிற் சிதறிக் கிடத்தலைக் கண்டனர். கிளார்க் இதனைத் தாம் 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். கடலிலிருந்து எடுக்கப்பெற்ற இலிங்கம் ஒன்று இன்று கோயிலில் உள்ளதென்பர். தலைமுறை தலைமுறையாக அந்தணர் மலர் சொரிந்த நீரின் அடியிலே கோயில் கிடந்ததென்பது அங்ஙனம் கண்கூடாயிற்று. மூடநம்பிக்கை என்று பிறர் இகழ்தற்கு இடமாயிருந்த அச்செயல், உண்மையில் நினைவின் பிழையா வழியாயிருந்தமை காண்க.

அன்பர்களின் பெருமுயற்சியால் மலையுச்சியில் மீண்டும் கோயில் எடுக்கப்பட்டு, 1963 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. மண்ணிலிருந்து மீண்ட திருமேனிகள் அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்றன. இன்று கோட்டை வாயிலிற் புகுவோர், மரநிழலிற் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்வதைக் கண்டவாறே ஏறி, மாதுமையம்மையாரோடு கோணேசப் பெருமான் எழுந்தருளிய சந்நிதியை அடைகின்றனர்.

முடிவுரை

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு மீளுதல் தகும். திருக்கோயில் இல்லாதவிடத்துத் தொழுவோன் எதனைத் தொழுவான்? மூர்த்தி மறைந்தபோது தலம் நின்றது. தலம் பிறர் கோட்டையானபோது தீர்த்தம் நின்றது. மதிலெழுப்புவார் கடலுக்கு மதிலெழுப்ப இயலாதன்றோ? இம்மூன்றையும் ஒன்றாகப் பிணித்து நின்றது அன்பர்களின் இடையறாத வழிபாடு. இம்மலையைப் பாடிய சம்பந்தர் பெருமானும் இதன் கோயிலுட் புகுந்தாரல்லர். கடலுக்கு அப்பாலுள்ள கரையில் நின்று நினைந்து பாடினார். கோயிலில்லாத காலத்துப் பாறை விளிம்பில் நின்று தொழுதார் செய்ததும் அதுவே. ஆலயத்தை இறைவனெனத் தொழுக என்னும் சூத்திரத்தின் கருத்துக் கல்லின் அடுக்கோடு முடிவதன்று. இறைவன் விளங்கித் தோன்றும் இடமே ஆலயம் எனவும், அன்பு உள்ளவிடத்து அவ்விளக்கம் ஒழிவதில்லை எனவும் இக்கரையின் வரலாறு காட்டுகின்றது.

ஆயினும் இதனைக் கேட்டு, ‘அன்பே போதும், கற்களைப் பேணவேண்டா’ என்று கருதுதல் பெருந்தவறாகும். மச்சகேச்சுரம் என்னும் பழம்பெயரை மீட்டுத் தந்தது நிலாவெளிக் கல். பாண்டியன் வரவை உணர்த்துவது வாயிற்கல். இவை அழிந்திருப்பின், இருநூற்றைம்பது வேலி நிலமுடைய பெருங்கோயில் ஒன்று இங்கிருந்ததென்று கூறுவாரை உலகம் கதை கூறுவோரென்றே இகழ்ந்திருக்கும். புதைத்துக் காத்தவர்கள் மூர்த்தியிடத்து வைத்த அன்பினாலன்றோ இன்று மூர்த்தி மீண்டது? ஆதலின் வழிபாடும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். புதுப்பணி செய்வோர் பழைய எழுத்துடைய கல்லைச் சுண்ணத்தால் மறைத்தலும், உடைத்துப் படியாக இடுதலும் கோயிலை இடித்தார் செய்ததனோடு ஒக்கும். எவ்வூர்க் கோயிலாயினும், எச்சமயத்தார் தலமாயினும், எழுத்துடைய கல்லைக் கண்டவிடத்து அதனைப் படியெடுத்து, அறிவுடையார்க்குக் காட்டி, அழியாமற் காத்தல் நன்மக்கள் கடன்.

கோட்டை மதில் இன்று மான்கள் மேயும் சோலைக்கு வேலியாய் நிற்கின்றது. கடலில் வீழ்ந்த தூண்களின்மேற் பவளம் படர்ந்துள்ளது. உச்சியில் அந்திக்காலத் தீபம் எழும்போது கீழே அலையோசை முன்போலவே கேட்கின்றது. அவ்வோசையைக் கேட்கும் பேறும், அதனிடையே பெருமானை நினையும் உள்ளமும் எல்லார்க்கும் வாய்க்கத் திருவருள் துணைசெய்வதாக.